ஜங்ஷனில் நின்ற மூன்றாம் ஆள்

1841-ல் லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனில் ஒரு மரப்பெட்டியை ஏற்றி வடக்கே டார்லிங்டனுக்கு அனுப்பினால், அது ஐந்து கம்பெனிகளின் தண்டவாளங்களைக் கடந்தாக வேண்டும். ரக்பி வரை லண்டன் அண்ட் பர்மிங்காம் ரயில்வே. அங்கிருந்து டெர்பி வரை மிட்லண்ட் கவுண்டீஸ். டெர்பியிலிருந்து நார்மன்டன் வரை நார்த் மிட்லண்ட். பிறகு யார்க் வரை யார்க் அண்ட் நார்த் மிட்லண்ட். கடைசியாக டார்லிங்டன் வரை கிரேட் நார்த் ஆஃப் இங்கிலாந்து. ஐந்துக்கும் தனித்தனி இயக்குநர்கள், தனித்தனி கஜானா, தனித்தனிப் பேரேடு. ஒரு கம்பெனியின் வேகன் அடுத்தவர் எல்லைக்குள் போய்விட்டால் எப்போது திரும்பும், அதுவரை அதற்கு வாடகை யார் தருவது என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி கிடையாது. ஆகவே எல்லையில் சரக்கை இறக்கி வேறு வேகனில் ஏற்றினார்கள். இறக்கி ஏற்றுகையில் உடைந்த சாமானுக்கும் காணாமல்போன சாமானுக்கும் எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்கவில்லை. பயணிகளுக்கும் ஏறக்குறைய இதே பாடுதான்.

இந்தக் கதை எனக்கு ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். சென்னையில், ஒரு தொழில் குழுமத்தின் பல ஆலைகளுக்கும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும் பொது அலுவலகத்தில் என் உத்தியோகத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. ஷேர்டு சர்வீசஸ் என்பார்கள். ஆலைகளில் இருந்த கணக்குப் பிரிவுகளை மூடி, பில்களையெல்லாம் ஸ்கேன் செய்து ஒரே இடத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். நாங்கள் சரிபார்த்துப் பணம் பட்டுவாடா செய்தோம். செலவு குறைந்தது. ஆனால் ஆலைக்காரர்கள் எங்களை நம்பவில்லை. ஸ்டோர் கீப்பர் சரக்கு வந்துவிட்டது என்பார், எங்கள் திரையில் அது வந்திருக்காது. சப்ளையர் பணம் கேட்டு ஆலை வாசலில் நிற்பார், ஆலை மேனேஜர் சென்னையைக் கைகாட்டுவார். இதைச் சரிசெய்ய மேலிடம் கருத்துக் கணிப்பு நடத்தியது, போர்ட்டல் கட்டியது, புகாருக்கு எண் கொடுத்தது. இவற்றால் ஓரளவு பயன் உண்டு. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. உலகில் இந்த வேலையை முதலில் பெரிய அளவில் செய்தவர்கள் யார், அவர்களை எப்படி நம்பினார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கியபோதுதான் லண்டனின் ரயில்வே கிளியரிங் ஹவுஸ் கண்ணில் பட்டது. ஃபிலிப் பேக்வெல் என்ற வரலாற்றாசிரியர் 1968-ல் அதைப் பற்றி முழு நூலே எழுதியிருக்கிறார்.

யோசனை கென்னத் மோரிசனுடையது என்பது வழக்கம். லண்டன் அண்ட் பர்மிங்காம் கம்பெனியின் தணிக்கைப் பிரிவில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். அந்தக் கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் கார் கிளின், ஒரு வங்கிக்காரர். இருவருக்கும் முன்மாதிரி கையெட்டும் தூரத்திலேயே இருந்தது. லண்டன் லம்பார்டு தெருவில் வங்கிகளின் குமாஸ்தாக்கள் தினமும் ஓரிடத்தில் கூடி, ஒருவர் மீது ஒருவர் எழுதிய காசோலைகளை மாற்றிக்கொண்டு, மிச்சத்தை மட்டும் தீர்த்துக்கொள்வார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு மதுக்கடையில் தொடங்கிய வழக்கம் அது. கணிப்பொறிக்கு முன்னோடியான சார்லஸ் பாபேஜ் 1832-ல் வெளியிட்ட தம் தொழில் நூலில் அந்த அறையை விவரித்திருக்கிறார். கிளினின் வங்கியும் அங்கே கணக்குத் தீர்த்த வங்கிகளில் ஒன்று. வங்கிகள் செய்வதை ரயில்வேக்கள் ஏன் செய்யக்கூடாது என்று அவர்கள் கேட்டார்கள்.

1842 ஜனவரி 2-ஆம் தேதி, ஒன்பது கம்பெனிகளோடு வேலை தொடங்கியது. இடம் யூஸ்டன் ஸ்டேஷன் எதிரே டிரம்மண்ட் தெருவில் ஒரு சிறு வீடு. ஆட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 1849-ல் பக்கத்து சீமோர் தெருவில் ஒரு பெரிய கட்டடத்துக்குப் போனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் குமாஸ்தாக்கள் ஈராயிரத்தைத் தாண்டினார்கள். பிரிட்டனின் ரயில் சரக்கில் கம்பெனி எல்லை தாண்டியது ஏறக்குறைய அனைத்தும் காகித வடிவில் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்து வெளியேறியது.

அவர்கள் கணக்குப் பார்த்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சரக்கை அனுப்பிய ஸ்டேஷன், இந்த மாதம் இன்ன ஊருக்கு இவ்வளவு அனுப்பினேன், கட்டணம் இவ்வளவு என்று ஒரு பட்டியல் அனுப்பும். சரக்கைப் பெற்ற ஸ்டேஷன், இன்ன ஊரிலிருந்து இவ்வளவு வந்தது என்று தன் பட்டியலை அனுப்பும். இரண்டும் ஒருவரையொருவர் கேட்காமல் எழுதியவை. குமாஸ்தா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுவார். ஒத்துப்போனால், கம்பெனிகளின் தூர விகிதத்தில் கட்டணம் பிரியும். ஒத்துப்போகாவிட்டால் அந்த வரி இரண்டு ஸ்டேஷனுக்கும் திரும்பிப் போகும். கிளியரிங் ஹவுஸ் தானாக எதையும் திருத்தாது. அனுப்பியவரும் பெற்றவரும் ஒப்புக்கொண்ட எண் வந்த பிறகே பணம் நகரும். எங்கள் அலுவலகத்தில் பி.ஓ. (கொள்முதல் ஆணை), ஜி.ஆர்.என். (சரக்கு வரவுச் சீட்டு), இன்வாய்ஸ் மூன்றையும் பொருத்திப் பார்ப்போம். பொருந்தாவிட்டால் பில் ஒரு பட்டியலில் போய் உட்காரும். அந்தப் பட்டியலை ஆலைக்காரர் பார்க்கவே முடியாது, நாங்கள் மட்டும்தான் பார்ப்போம். அவர்களுடைய கோபத்தில் பாதி இந்த ஒன்றிலிருந்தே வந்தது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பயணிகள் கணக்குக்கு உதவியது தாமஸ் எட்மண்ட்சனின் அட்டை டிக்கெட். நியூகாஸில் அண்ட் கார்லைல் ரயில்வேயில் ஒரு சிற்றூர் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர் அவர். அதுவரை டிக்கெட் என்பது குமாஸ்தா கையால் எழுதித் தந்த தாள். எட்மண்ட்சன், வரிசை எண் முன்கூட்டியே அச்சிட்ட சிறு அட்டையையும், அதில் தேதி குத்தும் ஒரு இயந்திரத்தையும் கொண்டுவந்தார். எண் வரிசையாக இருப்பதால் எத்தனை விற்றது என்பதை யாரும் மறைக்க முடியாது. அந்தத் தடித்த அட்டையைத்தான் நம் ஊர் ஸ்டேஷன் ஜன்னல்களிலும் இரண்டாயிரத்துக்குப் பிறகும்கூட வாங்கினோம்.

இப்போது தலைப்பில் சொன்ன ஆளுக்கு வருகிறேன். இரண்டு கம்பெனிகளின் தண்டவாளம் சந்திக்கும் ஜங்ஷன்களில் கிளியரிங் ஹவுஸ் தன் சொந்த ஆட்களை நிறுத்தியது. வேகன்களின் எண்களைக் குறித்தெடுப்பதே அவர்கள் வேலை. கூட்ஸ் வண்டி வந்து நின்றதும் இந்த ஆள் ஒரு நோட்டோடு வண்டியின் நீளத்துக்கும் நடப்பார். ஒவ்வொரு வேகனிலும் எந்தக் கம்பெனியின் எழுத்து, என்ன எண், காலியா நிறைந்ததா என்று எழுதுவார். மேலே போர்த்திய தார்ப்பாயையும் விடமாட்டார். தார்ப்பாய்க்கும் உரிமையாளர் உண்டு, அதற்கும் எண் உண்டு, அதற்கும் வாடகை உண்டு. மழையிலும் மூடுபனியிலும் இரவிலும் இதே வேலை. அவருக்குச் சம்பளம் இந்தக் கம்பெனியும் தரவில்லை, அந்தக் கம்பெனியும் தரவில்லை. அவர் எழுதி அனுப்பிய சீட்டை வைத்துத்தான் வேகன் எத்தனை மைல் ஓடியது, எத்தனை நாள் அடுத்தவர் யார்டில் கிடந்தது என்று கணக்கிட்டார்கள். அனுமதித்த நாளைத் தாண்டி வைத்திருந்தால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம். அதன்பின் அடுத்தவர் எல்லைக்குப் போன வேகன்கள் ஒழுங்காக வீடு திரும்பத் தொடங்கின.

இந்த இடத்தைப் படித்தபோது என் அப்பாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் ரயில்வேயில் டி.என்.சி., அதாவது யார்டில் வண்டி எண் எடுக்கும் குமாஸ்தா. நாங்கள் கூடூரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். 1966-ல் தென் மத்திய ரயில்வே பிறந்த பிறகு தெற்கு ரயில்வேக்கும் அதற்கும் வண்டிகள் கைமாறும் இடம் கூடூர். எல்லாம் ஒரே அரசாங்கத்தின் ரயில்தான் என்றாலும், ஒரு மண்டலத்தின் எல்லைக்குள் அடுத்த மண்டலத்தின் வேகன் எத்தனை இருக்கிறது என்பதற்குத் தினசரிக் கணக்கு உண்டு, அதற்கு வாடகையும் உண்டு. நாள் நள்ளிரவில் முடியும். பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒரு கூட்ஸ் எல்லை தாண்டியதா, ஐந்து நிமிடம் பின்னால் தாண்டியதா என்பது இரண்டு பக்கத்துக்கும் பண விஷயம். அப்பா கையில் கண்ணாடி விளக்கோடு வேகன் பக்கவாட்டில் வெள்ளையில் எழுதிய எண்ணைப் படித்து, உரக்கச் சொல்லியபடியே எழுதுவார். அடுத்த பக்கத்தில் தென் மத்திய ரயில்வேயின் குமாஸ்தா அதையே எழுதுவார். அவர் நெல்லூர்க்காரர், அப்பாவை ‘அண்ணா’ என்பார். வண்டி முடிந்ததும் இருவரும் நோட்டை நீட்டி ஒப்பிடுவார்கள்.

“அண்ணா, நாற்பத்தொன்று நான் எழுதினேன்.”

“எனக்கு நாற்பதுதான் இருக்கிறது, பாபு. வா, திரும்ப நடப்போம்.”

மீண்டும் கடைசி வேகனிலிருந்து நடப்பார்கள். எண் ஒத்துவராமல் கையெழுத்துப் போட மாட்டார்கள். அந்த இருவர் மீதும் மேலே யாருக்கும் சந்தேகம் வந்ததாக எனக்கு நினைவில்லை. அப்பாவுக்கு அந்த நெல்லூர்க்காரர் தம் கல்யாண வீட்டுக்கு முதல் அழைப்பு வைத்தார்.

லண்டனுக்குத் திரும்புவோம். கிளியரிங் ஹவுஸின் பலம் ஜங்ஷன் ஆளோடு முடிந்துவிடவில்லை. அதன் விதிகளை எழுதியது யார் என்பதில்தான் பெரிய சங்கதி இருக்கிறது. மோரிசன் விதி எழுதவில்லை. உறுப்பினர் கம்பெனிகள் தத்தம் பிரதிநிதியை அனுப்பின. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடி, எந்தக் கட்டணத்தை எப்படிப் பிரிப்பது, டெமரேஜ் எத்தனை நாளுக்குப் பின், புதிதாக யாரைச் சேர்ப்பது என்று அவர்களே முடிவெடுத்தார்கள். சேருவது அவரவர் விருப்பம், வெளியேறவும் உரிமை உண்டு. கிளியரிங் ஹவுஸின் செயலாளர் அந்த முடிவுகளை நடத்திக் கொடுக்கும் ஊழியர். பிறகு பொது மேலாளர்களுக்கு ஒரு கூட்டம், சரக்குப் பிரிவு மேலாளர்களுக்கு ஒரு கூட்டம் என்று தொழில் வாரியாகக் கூட்டங்கள் பிறந்தன. அன்றாடம் சிக்கலை அனுபவிப்பவர்களே அங்கே உட்கார்ந்தார்கள் என்பது என் கண்ணுக்கு மிகப் பெரிய காரியமாகத் தெரிகிறது.

அப்படிக் கூடியவர்கள் செய்த ஒரு முடிவு இன்று உலகம் முழுவதும் நாம் அனுபவிப்பது. 1840-களில் பிரிட்டனில் ஊருக்கு ஊர் சூரிய நேரம். பிரிஸ்டல் கடிகாரம் லண்டனைவிடப் பத்து நிமிடம் பின்தங்கியிருக்கும். ஐந்து கம்பெனிகளின் வழியாகப் போகும் வண்டிக்கு ஐந்து நேரப் பட்டியல் என்றால் விபத்து நிச்சயம். 1847 செப்டம்பர் 22-ல் கிளியரிங் ஹவுஸ் கூட்டம், எல்லா உறுப்பினர்களும் கிரீனிச் நேரத்துக்கு மாறும்படி பரிந்துரைத்தது. அதே ஆண்டு டிசம்பர் முதல் தேதியிலிருந்து பெரிய கம்பெனிகள் மாறத் தொடங்கின. நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது 1880-ல்தான், முப்பத்துமூன்று ஆண்டு கழித்து. யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இல்லாத ஒரு கணக்கு அலுவலகம் ஒரு நாட்டின் கடிகாரத்தைத் திருப்பியது. அதன் சொல்லுக்கு எடை இருந்தது, ஏனென்றால் அது உறுப்பினர்களின் சொல்லாகவே இருந்தது.

இவர்களெல்லாம் நண்பர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1852 ஆகஸ்டில் நாட்டிங்காம் ஸ்டேஷனுக்குள் நுழைந்த கிரேட் நார்தர்ன் கம்பெனியின் எஞ்சினை மிட்லண்ட் ரயில்வேக்காரர்கள் தங்கள் எஞ்சின்களால் முன்னும் பின்னும் மறித்துத் தள்ளிக்கொண்டு போய், ஒரு கொட்டகையில் அடைத்து, அதற்கு வழிவிடும் தண்டவாளத்தையே பெயர்த்துவிட்டார்கள். பல மாதம் அந்த எஞ்சின் அங்கேயே கிடந்தது. அத்தனை பகை நிலவிய அதே ஆண்டுகளில்தான் கிளியரிங் ஹவுஸின் உறுப்பினர் பட்டியல் நீண்டுகொண்டே போனது. நம்பிக்கை வளர முதலில் நட்பு வேண்டும் என்று எங்கள் பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. எதிரிகள்கூட ஒரே கணக்கை ஏற்க முடியும். அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று இருவருக்கும் தெரிந்தால் போதும்.

தெரியும்படி வைப்பதில் அவர்கள் எடுத்த சிரத்தைக்கு ஜங்ஷன் வரைபடங்களே சாட்சி. தூரத்தை வைத்துத்தானே பணம் பிரிகிறது, ஆகவே எந்தக் கம்பெனியின் எல்லை எந்த இடத்தில் முடிகிறது என்பது துல்லியமாக வேண்டும். கிளியரிங் ஹவுஸில் வேலை பார்த்த ஜான் ஏரி 1860-களின் பிற்பகுதியில் ஜங்ஷன் ஜங்ஷனாகப் படம் வரைந்து வெளியிட்டார். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நிறம். மஞ்சள் கோடு வந்து சிவப்புக் கோட்டில் சேரும் இடத்தில் ஒரு குறி, அங்கிருந்து அடுத்த குறி வரை இத்தனை மைல், இத்தனை செயின். ஒரு மைலுக்கு எண்பது செயின், அதாவது ஒரு செயின் சுமார் இருபது மீட்டர். இருபது மீட்டர் வரை எவன் தண்டவாளம் என்று வண்ணத்தில் போட்டு, விலைக்கு வாங்கக்கூடிய புத்தகமாக வெளியே வைத்தார்கள். பின்னர் கிளியரிங் ஹவுஸே அந்தப் படங்களைத் தன் பெயரில் வெளியிட்டது. சண்டை வந்தால் இரு தரப்பும் ஒரே பக்கத்தைத் திறந்து பார்க்கலாம்.

1850-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் ஒன்று போட்டது. பாக்கி தராத கம்பெனி மீது செயலாளர் வழக்குப் போடலாம் என்று அது அனுமதித்தது. பல பேர் இந்தச் சட்டத்தையே கிளியரிங் ஹவுஸின் முதுகெலும்பாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டம் வருவதற்கு எட்டு ஆண்டு முன்பே, வழக்குப் போட வழியில்லாத நிலையிலேயே, பெரும்பாலான கம்பெனிகள் கணக்குத் தீர்த்துவந்தன. சட்டம், முரண்டு பிடித்த கடைசி ஒன்றிரண்டு கம்பெனிகளுக்குத்தான்.

இத்தனை சிறப்பாகச் சொன்னவள் அடுத்ததையும் சொல்லியாக வேண்டும். அந்த அறையில் நாற்காலி கிடைக்காதவர்கள் இருவர். ஒருவர் சரக்கின் சொந்தக்காரர். எந்தப் பண்டம் எந்த வகுப்பு, எந்த வகுப்புக்கு என்ன கட்டணத் தரம் என்று கிளியரிங் ஹவுஸ் ஒரு பெரிய வகைப்பாட்டுப் புத்தகம் வைத்திருந்தது. அதைத் தொகுத்தவர்கள் ரயில்வேயின் சரக்கு மேலாளர்கள். பருத்தி வியாபாரிக்கும் விவசாயிக்கும் நிலக்கரிச் சுரங்கக்காரருக்கும் அங்கே குரல் கிடையாது. ரயில்வே கட்டணங்கள் மீது வியாபாரிகளின் குமுறல் பல ஆண்டு புகைந்து, 1888-ல் ஒரு சட்டம் வந்தது: கம்பெனிகள் தங்கள் வகைப்பாட்டையும் உச்சபட்சக் கட்டணத்தையும் வர்த்தக வாரியத்திடம் காட்டித் திருத்தி வாங்க வேண்டும். புதிய உச்சவரம்புகள் 1893 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தன. தனித்தனிச் சலுகைக் கட்டணங்களை மறுபடி கணக்கிட நேரம் போதவில்லை என்று சொல்லி, கம்பெனிகள் பல இடங்களில் உச்சவரம்பையே வசூலிக்கத் தொடங்கின. நாடெங்கும் கொந்தளிப்பு. 1894-ல் இன்னொரு சட்டம் வந்தது. 1892 டிசம்பர் கடைசி நாளில் இருந்ததைவிடக் கட்டணத்தைக் கூட்டினால், அது நியாயம் என்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியின் தலையில் என்றது. அதன் பிறகு பல ஆண்டுகளுக்குக் கம்பெனிகளால் கட்டணத்தை எளிதில் அசைக்க முடியவில்லை. செலவு ஏறும்போதும் கை கட்டப்பட்டுக் கிடந்தது. ஐம்பது ஆண்டு ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து தங்களுக்குள் அத்தனை நேர்மையாக நடந்துகொண்டவர்கள், காசு கொடுப்பவரை மட்டும் வெளியே நிறுத்தினார்கள். அவர் நாடாளுமன்றத்தின் வழியாக உள்ளே வந்தார்.

இன்னொருவர் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருந்த குமாஸ்தா. ஈராயிரம் பேர், காலையிலிருந்து மாலை வரை பென்ஸ், ஷில்லிங், மைல், செயின். மாதக் கணக்கு முடியும் நாட்களில் நேரம் நீளும். நல்லவையும் நடந்தன: 1873-ல் ஓய்வூதிய நிதி ஏற்படுத்தினார்கள், அக்காலத்தில் அது பெரிய விஷயம். குமாஸ்தாக்களுக்கு நல்ல நூலகமும் இருந்தது. ஆனால் பிரதிநிதிகளின் கூட்டத்தில் அவர்கள் சார்பில் பேச ஆள் இல்லை. ரயில்வே குமாஸ்தாக்கள் தங்கள் சங்கத்தை 1897-ல் கட்டினார்கள். வெளியே உள்ளவர்களோடு எப்படி உறவாடுவது என்று மணிக்கணக்கில் பேசும் நிர்வாகங்கள், அந்த உறவை நாள்தோறும் தொலைபேசியில் சுமக்கும் தங்கள் ஆட்களை அந்தப் பேச்சில் சேர்ப்பதே இல்லை. லண்டனில் அன்றும் அப்படி, சென்னையில் நான் பார்த்ததும் அப்படி.

முடிவு மெதுவாக வந்தது. 1914 ஆகஸ்டில் போர் வந்ததும் அரசு ரயில்வேக்களைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து, 1913-ன் நிகர வருவாய்க்கு உத்தரவாதம் தந்தது. யார் பங்கு எவ்வளவு என்ற கேள்வியே பெருமளவு தேவையற்றுப் போனது. 1917-ல் கம்பெனிகளின் வேகன்களைப் பொதுவாக்கினார்கள். யாருடைய வேகனும் யாருக்கும் சுமை ஏற்றலாம் என்றான பின் ஜங்ஷனில் எண் எடுப்பவருக்கு வேலை குறைந்தது. 1923-ல் நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் நான்கு பெருங்கம்பெனிகளாக இணைந்தன. 1948-ல் அவையும் தேசியமாயின. தனக்குத் தானே கணக்குத் தீர்த்துக்கொள்ள ஓர் அலுவலகம் எதற்கு? 1963 மார்ச் 31-ல் மூடினார்கள். 1848-ல் டப்ளினில் தொடங்கிய ஐரிஷ் கிளியரிங் ஹவுஸ் மட்டும் 1974 வரை இருந்தது.

நம் நாட்டுக்கு அந்த மரபு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய ரயில்வே மாநாட்டுச் சங்கத்தின் வழியாக வந்தது. மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா, தென்னிந்திய ரயில்வே என்று தனித்தனிக் கம்பெனிகள் ஓடிய காலம். வேகன் கைமாறும் விதி, சரக்கு வகைப்பாடு எல்லாவற்றையும் அந்தச் சங்கத்தில் கூடி வகுத்தார்கள். அப்பாவின் நோட்டில் இருந்த கட்டங்கள் அந்த வழியில் வந்தவை என்பது அவருக்கே தெரிந்திருக்குமா என்று நினைத்துப் பார்ப்பேன்.

இதையெல்லாம் படித்த பிறகு என் பொறுப்பில் இருந்த பகுதியில் சில காரியங்கள் செய்தோம். பொருந்தாத பில்களின் பட்டியலை ஆலைக்காரர்களும் அதே நேரத்தில் அதே திரையில் பார்க்கும்படி திறந்துவிட்டோம். ஒரு வாரத்துக்குள் ஓசூர் ஆலையின் ஸ்டோர் கீப்பர் தொலைபேசியில் கூப்பிட்டு, “மேடம், இந்தச் சரக்கு இரண்டு லாரியில் வந்தது, நீங்கள் ஒரு ரசீதைத்தான் பார்க்கிறீர்கள்” என்றார். பல மாதமாகக் கிடந்த பாக்கி ஒரே பிற்பகலில் தீர்ந்தது. எங்கள் பிரிவிலிருந்து ஒருவரை முறை வைத்து ஆலை வாசலில் உட்கார வைத்தோம். சரக்கு இறங்கும்போதே அவர் பார்த்துப் பதிவார். அவர் அறிக்கை கொடுக்க வேண்டியது ஆலை மேனேஜரிடமும் இல்லை, பில் அனுமதிக்கும் எங்கள் பிரிவுத் தலைவரிடமும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் கூட்டத்தில் எந்த ஆலை மேனேஜர் வந்தாலும் சரி, அவரோடு ஸ்டோர் கீப்பரும் எங்கள் பக்கத்தில் பில் பதியும் பெண்களில் ஒருவரும் கட்டாயம் வர வேண்டும் என்று வைத்தோம். சென்ற கூட்டத்தில் பணம் தரும் கெடுவை முப்பது நாளிலிருந்து மாற்றச் சொல்லி அந்தப் பெண்தான் முதலில் பேசினாள். ஆலைக்காரர்கள் இருவர் அவளோடு சேர்ந்துகொண்டார்கள், முடிவு அன்றே எடுக்கப்பட்டது.

சப்ளையர்களுக்கு இன்னும் அந்த அறையில் இடமில்லை. ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் ஆலைக்குப் போல்ட், நட்டு தரும் சிறு பட்டறைக்காரர்களில் இருவரை அடுத்த காலாண்டுக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன். அவர்கள் வந்தால் விலை பேசத் தொடங்கிவிடுவார்கள் என்று கொள்முதல் பிரிவு தயங்குகிறது. பேசட்டும் என்று பதில் எழுதினேன். 1893-ல் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் அந்தக் கடிதத்தோடு இரண்டு பக்கமாக இணைத்திருக்கிறேன்.